கணினித் திரை இருண்டால் செய்வதென்ன?

கணினியின் திரையிலே காட்சியெல்லாம் திடீரென்று மறைந்து, கரிய பரப்பின் நடுவே சிறியதொரு பெட்டி மட்டும் மிதந்துகொண்டிருப்பதை நேயர்களிற் பலர் கண்டிருத்தல் கூடும். "அவுட் ஒஃப் ரேஞ்ச்" என்றோ, "இன்புட் நொட் சப்போட்டட்" என்றோ அப்பெட்டியில் எழுதப்பட்டிருக்கும். சில திரைகளில் அதன் கீழே இரண்டோர் எண்களும் காணப்படும். சிறிது நேரத்தில் அப்பெட்டியும் மறைய, திரை உறங்கிவிடும். சுட்டியை அசைத்தாலும் பயனில்லை. சாவிப்பலகையைத் தட்டினாலும் பயனில்லை. கணினியின் உள்ளேயோ விசிறி சுழல்கின்றது, விளக்கு எரிகின்றது. உயிர் இருக்கின்றது; முகத்தைத்தான் காணோம்.

இது நோயன்று. கணினி நலமாகவே இருக்கின்றது. திரையும் நலமாகவே இருக்கின்றது. இரண்டிற்கும் இடையே உடன்பாடு முறிந்திருக்கின்றது, அவ்வளவே. ரெசொலூஷன் என வழங்கும் தெளிவுத்திறனை மாற்றப் புகுந்த ஒருவர், அத்திரையால் ஏற்க முடியாத ஓர் அளவைத் தெரிந்துவிட்டார். கணினி அவ்வளவிலே படத்தை அனுப்புகின்றது. திரையோ, "இஃது எம் எல்லைக்கு அப்பாற்பட்டது" என்று அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றது. மிதக்கும் அப்பெட்டி திரை தரும் வாக்குமூலம். அதனை வாசித்தவர் பாதி வைத்தியம் முடித்தவராவார்.

இதனை நாம் வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. எமக்குத் தெரிந்த குடும்பமொன்றில், உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி தன் செயற்றிட்ட அறிக்கை முழுவதையும் வீட்டுக் கணினியிலேயே எழுதி வைத்திருந்தாள். பழைய திரை பழுதாகவே, தந்தையார் இரண்டாங் கையாகச் சிறியதொரு திரையை வாங்கி வந்து பூட்டினார். பூட்டியதும் மேற்சொன்ன பெட்டி தோன்றிற்று. கணினி திருத்தும் இடமொன்றிற்கு அதனைக் கொண்டு சென்றனர். அங்கிருந்தவர் கணினியின் வட்டை முழுவதும் துடைத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்தார். திரை ஒளிர்ந்தது, கூலியும் நன்றியும் கொடுக்கப்பட்டன. வீடு வந்து பார்த்தால் அறிக்கை இல்லை. காலஞ்சென்ற பாட்டனாரின் புகைப்படங்களும் இல்லை. வேறெங்கும் பிரதியும் இல்லை.

அங்கே செய்த வைத்தியம் "பலித்தது" என்பதே இதில் விசித்திரம். வட்டைத் துடைத்தபோது தவறான தெளிவுத்திறன் அமைப்பும் அதனோடு சேர்ந்து அழிந்தது; ஆகவே திரை ஒளிர்ந்தது. தலைப்பாகையில் விழுந்த தீப்பொறியை அணைக்கத் தலையையே கிணற்றில் அமிழ்த்திய கதை இது. கால் மணி நேரத்திலே, ஓர் எழுத்தும் அழியாமல் முடித்திருக்கக்கூடிய காரியத்திற்கு ஒரு பிள்ளையின் பல மாத உழைப்புப் பலியாயிற்று. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

புள்ளிகளின் கணக்கு

கணினித் திரையில் நாம் காணும் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆயது. பிக்சல் எனப்படுவது இப்புள்ளியே. 1920 × 1080 என்று ஒரு தெளிவுத்திறனைக் குறிப்பிட்டால், வரிசையொன்றில் 1920 புள்ளிகளாக 1080 வரிசைகள் உள்ளன என்பது பொருள். பெருக்கிப் பார்ப்பின் 2,073,600 புள்ளிகள். 1024 × 768 என்பது 786,432 புள்ளிகள். இப்புள்ளிகள் அத்தனையும் செக்கனுக்கு ஒரு முறை அன்று, பொதுவாக 60 முறை புதிதாக எழுதப்படுகின்றன. இந்த 60 என்பதே மீடிறன். ஹேர்ட்ஸ் என்னும் அலகிலே அதனை அளப்பர்.

வரிசை ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் முன்னும், படம் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் முன்னும் சிறியதோர் இடைவெளி விடுவது வழக்கம். அவ்விடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1920 × 1080 என்னும் படம் உண்மையில் 2200 × 1125 என்னும் அளவினதாகின்றது. அதனை 60 ஆற் பெருக்கினால் 148,500,000. செக்கன் ஒன்றிற்கு இத்தனை புள்ளி வேகத்திலே கணினி படத்தை வடத்தினூடாகச் செலுத்துகின்றது. வரிசைகளை மட்டும் எண்ணினாற் செக்கனுக்கு 67,500. இக்கணக்கை மாணவர்கள் தாமே ஒரு முறை போட்டுப் பார்ப்பது நன்று. தெளிவுத்திறனை ஒரு படி உயர்த்துவது எத்துணை பெரிய சுமையை ஏற்றுவதென்பது அப்பொழுது விளங்கும்.

திரைக்கும் தன் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. செக்கனுக்கு எத்தனை வரிசை, எத்தனை படம், மொத்தம் எத்தனை புள்ளி என்னும் எல்லைகள் அதனுடன் வரும் சிறு நூலிலே அச்சிடப்பட்டிருக்கும். குறித்த சில அலைகளை மட்டும் பிடிக்கவல்ல வானொலிப் பெட்டியை ஒத்தது திரை. நிலையம் வேறோர் அலையில் ஒலிபரப்பினால், பெட்டி மௌனமாக இருப்பது பெட்டியின் குற்றமாகாது.

இன்றைய தட்டைத் திரைகளுக்கு இன்னுமொரு தன்மை உண்டு. அவற்றின் கண்ணாடியிலே புள்ளிகள் உண்மையாகவே பதிக்கப்பட்டுள்ளன. அவ்வெண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. அதுவே அத்திரைக்கு இயல்பான தெளிவுத்திறன். அதனினும் குறைந்த அளவில் படம் வந்தால், திரை அதனை இழுத்து விரித்துக் காட்டும். எழுத்துக்கள் சற்று மங்கித் தோன்றும். அதனினும் கூடிய அளவில் வந்தாற் சில திரைகள் சுருக்கிக் காட்ட முயலும். பல திரைகள் மறுத்துவிடும்.

பழைய காலத்து அபாயம்

இருட்டும் பெட்டியும் தோன்றுவதை இன்று நாம் தொல்லை என்று கருதுகின்றோம். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே பிழை திரையையே எரித்துவிடவல்லதாயிருந்தது என்பதை அறிந்தால், அப்பெட்டியின் மீது சிறிது மரியாதை பிறக்கும்.

அக்காலத்துத் திரைகள் பருத்த கண்ணாடிக் குழாய்கள். குழாயின் பின்புறமிருந்து புறப்படும் இலத்திரன் கற்றையைக் காந்தச் சுருள்கள் இடமிருந்து வலமாகவும், மேலிருந்து கீழாகவும் வளைத்து வரிசை வரிசையாகப் படம் எழுதும். கிடையாக வளைக்கும் அதே சுற்றிலிருந்துதான் குழாய்க்கு வேண்டிய, இருபதினாயிரம் உவோற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தமும் பெறப்பட்டது. ஆகவே வரிசைகளின் மீடிறன் அச்சுற்றிற்குப் பொருந்தாத அளவிற்கு மாறினாற் பாகங்கள் அளவு மீறிச் சூடேறும். கீச்சென்றொரு சத்தம் எழும். சில வேளைகளிற் புகையும் எழும். ஐ.பி.எம். நிறுவனம் 1981ஆம் ஆண்டு தன் கணினியுடன் வெளியிட்ட ஒற்றை நிறத் திரை செக்கனுக்கு 18,432 வரிசைகள் என்னும் ஒரே மீடிறனுக்கென ஆக்கப்பட்டது. மென்பொருளின் தவறான கட்டளை ஒன்றினாலேயே அதனைக் கெடுத்துவிட முடியும் என்பது அக்காலத்துப் பொறிவல்லார் அறிந்த செய்தி.

1987ஆம் ஆண்டு அதே நிறுவனம் வி.ஜி.ஏ. என்னும் அமைப்பைக் கொணர்ந்தது. 640 × 480 என்னும் அளவு உலகெங்கும் பரவியதும், மூன்று வரிசையாகப் 15 ஊசிகள் கொண்ட அந்த நீல நிற முனை இன்றும் பழைய கணினிகளில் இருப்பதும் அதனாலேயே. இதன் பின்னர் ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் விருப்பப்படி பெரிய அளவுகளைப் புகுத்தத் தொடங்கின. குழப்பம் மிகவே, 1989ஆம் ஆண்டு வெசா என்னும் சங்கம் அமைந்து அளவுகளை ஒழுங்கு செய்தது.

லினக்ஸ் பயின்றோர் 1990களில் பட்ட பாட்டை இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. எக்ஸ்ஃபிரீ86 என்னும் மென்பொருளைப் பயன்படுத்துவோர் தம் திரைக்குரிய ஒன்பது எண்களைத் தாமே கணக்கிட்டு ஒரு வரியில் எழுதவேண்டும். புள்ளி வேகம் ஒன்று, கிடைக்கு நான்கு, நிலைக்கு நான்கு. மோட்லைன் என்பது அவ்வரியின் பெயர். எழுதி முடித்துவிட்டு, திரை ஒளிருமா, கீச்சிடுமா என்று ஒரு கையை மின் ஆளியின் மேல் வைத்துக்கொண்டே மறு கையாற் கட்டளையிடுவார்களாம். அவர்களுக்கு உதவியாகச் சில சாவிகளும் அமைக்கப்பட்டிருந்தன. கொன்ட்ரோல், ஓல்ட் என்னும் இரண்டுடன் எண்பலகையிலுள்ள சக அடையாளத்தை அழுத்தினால் அடுத்த அளவு வரும். சய அடையாளத்தை அழுத்தினால் முந்தியது வரும். இன்றைய பணிசெயல் முறைமைகளில் இத்தகைய நேரான உபாயம் இல்லாதது ஒரு குறை என்றே நாம் கருதுகின்றோம்.

நிற்க. இவ்வபாயங்கள் நீங்குவதற்கு இரண்டு ஏற்பாடுகள் துணையாயின. ஒன்று, எல்லை மீறிய படத்தை ஏற்க மறுத்து அறிவிக்கும் ஆற்றல் திரைகளுக்கே கொடுக்கப்பட்டது. மற்றது, 1994ஆம் ஆண்டு வெசா வகுத்த முறை. இதன்படி ஒவ்வொரு திரையினுள்ளும் மிகச் சிறிய நினைவகம் ஒன்று வைக்கப்பட்டு, "எம்மை ஆக்கியவர் இன்னார், எம் அளவு இது, எம் எல்லைகள் இவை" என்னும் விபரம் 128 பைட்டுக்களில் எழுதி வைக்கப்படுகின்றது. ஈ.டி.ஐ.டி. என்பது இவ்விபரத்தின் பெயர். கணினி அதனை வடத்தினூடாகவே வாசித்து, பொருந்தும் அளவுகளை மட்டும் பட்டியலில் நமக்குக் காட்டுகின்றது. சம்பந்தம் பேசுமுன் சாதகம் பார்ப்பது போன்றது இது.

சாதகம் பார்த்தும் பொருத்தம் தவறுவது எப்படி?

முதலாவது காரணம் வடம். வி.ஜி.ஏ. முனையின் 15 ஊசிகளில் 12ஆவதும் 15ஆவதுமே இவ்விபரத்தைக் கொண்டு செல்வன. மலிவான வடங்கள் சிலவற்றில் இவ்வூசிகளுக்குக் கம்பி இணைக்கப்படுவதேயில்லை. வேறு சிலவற்றில் அவை வளைந்தோ முறிந்தோ போயிருக்கும். அப்பொழுது படம் வரும், விபரம் வராது. எதிரில் இருப்பது எத்திரை என்று அறியாத கணினி, தான் அறிந்த அளவுகளையெல்லாம் பட்டியலில் அடுக்கிவிடும். ஒரு கணினியின் படத்தை இரண்டு திரைகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டிகளும், எச்.டி.எம்.ஐ. முனையை வி.ஜி.ஏ. ஆக்கும் மாற்றிகளும் இவ்விதமே இடையில் நின்று விபரத்தை மறைத்துவிடுவதுண்டு. பள்ளிக்கூடங்களிலே, 1024 × 768 அளவுள்ள பழைய புறொஜெக்ரருக்கு நீண்ட வடம் ஒன்றினாற் கணினியைப் பூட்டும்போது ஏற்படும் தொல்லைகளிற் பலவற்றிற்கு வேர் இதுவே.

மேலே சொன்ன மாணவியின் வீட்டில் நேர்ந்தது இரண்டாவது வகை. பெரிய திரைக்கென அமைத்த அளவு கணினியின் உள்ளே இருக்க, சிறிய திரையைக் கொணர்ந்து பூட்டுவது. விபரம் ஒழுங்காக வாசிக்கப்பட்டாற் கணினி தானே சரிசெய்துகொள்ளும். வடம் ஊமையாயிருந்தாற் பழைய அளவையே அனுப்பிக்கொண்டிருக்கும்.

விண்டோஸின் திரை அமைப்புப் பக்கத்திலே, இத்திரையாற் காட்ட இயலாத அளவுகளை மறைத்துவை என்னும் கருத்துடைய சிறு கட்டம் ஒன்றும் உண்டு. அதிலுள்ள அடையாளத்தை நீக்கினால், திரை பயன்படாமற் போகலாம், சாதனம் பழுதுறலாம் என்று அங்கேயே எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கின்றது. அதனையும் வாசித்துவிட்டு நீக்குவோர் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி நாம் என்ன சொல்ல!

ஆனால் இவையெல்லாவற்றையும்விட, வீடுகளில் இத்தொல்லைக்கு வழிகோலுவது வேறொன்று. எழுத்துச் சிறிதாயிருக்கின்றது, கண் பார்வை குறைந்த பெரியவர் ஒருவருக்கு அதனைப் பெரிதாக்கிக் கொடுக்கவேண்டும். இந்த நல்லெண்ணத்துடன் வீட்டுப் பிள்ளைகள் தெளிவுத்திறனைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்குவதற்கு அது வழியே அன்று. அதற்கென்றே விண்டோஸில் "ஸ்கேல்" என்று தனி அமைப்பு இருக்கின்றது. 100 வீதம் என்றிருப்பதை 125 என்றோ 150 என்றோ மாற்றினால், தெளிவுத்திறன் அப்படியே இருக்க எழுத்தும் படங்களும் பெருக்கும், மங்கலும் ஏற்படாது.

மீட்கும் வழிகள்

முதல் வழி, ஒன்றும் செய்யாதிருத்தல். இது வேடிக்கைப் பேச்சன்று. தெளிவுத்திறனை மாற்றியவுடன் விண்டோஸ், "இம்மாற்றத்தை வைத்துக்கொள்ளட்டுமா?" என்று ஒரு வினாவைத் திரையில் இட்டு, 15 செக்கன் வரை விடைக்குக் காத்திருக்கும். விடை வராவிடிற் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். இருண்ட திரையில் வினாவைக் காண முடியாது. காணாதவர் விடையளிக்கவும் மாட்டார் என்னும் நுட்பமான எண்ணத்தின்மேல் அமைந்த ஏற்பாடு இது. ஆனால் திரை இருண்டவுடன் பதறிப்போய்ச் சாவிப்பலகையைக் கண்டபடி தட்டுவோர், தம்மையறியாமலே அவ்வினாவிற்கு ஆம் என்று விடையளித்துவிடக்கூடும். ஆகவே கைகளை மடியில் வைத்துக்கொண்டு மெல்ல முப்பது வரை எண்ணுக. பொறுமையில்லாதவர் எஸ்கேப் சாவியை மட்டும் ஒரு முறை அழுத்தலாம். அது வேண்டாம் என்னும் விடையாகும்.

அந்த 15 செக்கனும் கடந்து மாற்றம் நிலைத்துவிட்டதாயின், கணினியை நிறுத்தி மறுபடி இயக்குவதால் மாத்திரம் பயன் விளையாது. ஆயினும் ஒரு முறை நிறுத்தி இயக்கிப் பார்க்கத்தான் வேண்டும், சோதனையின் பொருட்டு. இயக்கியவுடன் கணினியை ஆக்கிய நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றி, பின்னரே திரை இருளுமாயின், திரையும் வடமும் வரைவியல் அட்டையும் பழுதற்றவை என்று பெரும்பாலும் துணியலாம். விண்டோஸ் கண்விழிக்கும்வரை கணினி தனக்கென உள்ள எளிய அளவிலேயே படம் அனுப்புகின்றது. தவறான அளவு ஆட்சிக்கு வருவது அதற்குப் பிறகே. திரையின் கீழுள்ள பொத்தான்களை அழுத்தி எதனையும் மாற்ற முயல்வது வீண். பிழை இருப்பது திரையில் அன்று.

இரண்டாவது வழி, வேறொரு திரையைத் துணைக்கு அழைத்தல். கணினியின் பின்புறத்தில் இரண்டு படமுனைகள் இருப்பின், இருண்ட திரையை அப்படியே விட்டு, வீட்டுத் தொலைக்காட்சியை எச்.டி.எம்.ஐ. வடத்தினால் மற்ற முனையிற் பூட்டுக. காட்சி அதில் தோன்றும். திரை அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தெரியும். இருண்ட திரைக்குரிய கட்டத்தைத் தொட்டு, "ரெக்கமெண்டட்" என்று குறிக்கப்பட்ட அளவைத் தெரிய வேண்டும். அப்படிக் குறிக்கப்படாவிடின் 1024 × 768 போன்ற சிறிய அளவொன்றைத் தெரியலாம். திறந்த சாளரம் இருண்ட திரைக்குள்ளே போய் ஒளிந்துகொண்டால், விண்டோஸ் சாவியையும் ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அம்புச் சாவியை அழுத்துக. அது மற்றத் திரைக்குப் பெயர்ந்து வரும். படமுனை ஒன்றேயுள்ள கணினியில் இவ்வழி எப்பொழுதும் பலிப்பதில்லை. ஒவ்வொரு திரைக்கும் உரிய அளவை விண்டோஸ் வேறு வேறாக நினைவில் வைத்திருப்பதால், பழைய திரையை மீண்டும் பூட்டியதும் பழைய பிழையும் மீண்டு வரலாம்.

மூன்றாவது வழி சற்று நீண்டது. ஆயினும் பெரும்பாலும் கைவிடாதது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், கணினி தொடங்கும்போது சின்னம் தோன்றியவுடன் மின் பொத்தானைப் பத்துச் செக்கன் அழுத்திப் பிடித்து நிறுத்துக. மறுபடி இயக்கி மறுபடி நிறுத்துக. மூன்றாம் முறையளவில், தொடங்குவதில் ஏதோ தடை இருக்கின்றதென விண்டோஸ் உணர்ந்து, மீட்சிக்குரிய நீல நிறப் பக்கத்தைக் காட்டும். அப்பக்கம் எளிய அளவிலே வருவதாற் கண்ணுக்குத் தெரியும். அதில் "ட்ரபிள்ஷூட்", பின்னர் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்", பின்னர் "ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்", பின்னர் "ரீஸ்டார்ட்" என வரிசையாகச் செல்க. மீளத் தொடங்கும்போது இலக்கமிட்ட பட்டியல் ஒன்று தோன்றும். அதில் 3 என்பது குறைந்த தெளிவுத்திறனிற் காட்சி; 4 என்பது "சேஃப் மோட்" எனப்படும் பாதுகாப்பு நிலை. முதலில் 3ஐ அழுத்திப் பார்க்கலாம். திரை ஒளிர்ந்ததும் அமைப்புப் பக்கத்திற் சரியான அளவைத் தெரிந்து, கணினியை வழமைபோல மீள இயக்குக.

பாதுகாப்பு நிலையிற் செய்த மாற்றம் வழமையான நிலைக்குச் செல்லாமற் போவதும் உண்டு. அங்கே தொழிற்படுவது அட்டைக்குரிய சிறப்பான செலுத்தி அன்று. பொதுவான எளிய செலுத்தியே. அவ்வாறாயின் "டிவைஸ் மனேஜர்" என்னும் பக்கத்தைத் திறந்து, "டிஸ்பிளே அடப்டேர்ஸ்" என்பதன் கீழுள்ள செலுத்தியை நீக்கிவிட்டு மீள இயக்குக. விண்டோஸ் செலுத்தியைப் புதிதாக அமைத்துக்கொள்ளும். பழைய தவறான அளவும் பெரும்பாலும் அதனுடன் நீங்கும். செலுத்தியை நீக்குவதால் ஆவணமோ புகைப்படமோ ஒன்றேனும் அழிவதில்லை. அன்றியும், வட்டு பிட்லொக்கர் முறையிற் பூட்டப்பட்டுள்ள கணினிகளில் இவ்வழியிடையே 48 இலக்கங்கள் கொண்ட மீட்சித் திறவுகோல் கேட்கப்படலாம். அதனை முன்னரே எழுதி வைத்திருப்பது அவசியம்.

பழைய விண்டோஸ் 7 இன்னும் சில வீடுகளில் உண்டு. அங்கே வேலை சுலபம். இயக்கியதும் எஃப் 8 சாவியை விடாது தட்டினாற் பட்டியல் வரும். 640 × 480 என்று குறிக்கப்பட்ட வரியைத் தெரிந்தாற் போதும்.

லினக்ஸ் பயன்படுத்தும் மாணவர்கள் கொன்ட்ரோல், ஓல்ட், எஃப் 3 ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் எழுத்து மட்டுமுள்ள திரைக்குச் செல்லலாம். க்னோம் என்னும் சூழலிலே, தம் வீட்டுக் கோப்புறையுள் மறைந்துள்ள ".கொன்ஃபிக்" என்பதினுள் "மொனிற்றர்ஸ்" என்னும் பெயருடைய எக்ஸ்.எம்.எல். கோப்பு இருக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டு மீள இயக்கினால், திரையின் இயல்பான அளவு திரும்பும். பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கும் சிறுவர்களுக்கும் ஒரு சொல். அது முற்றாக நின்றிருக்கும் வேளையில், மின் பொத்தானை இரண்டாவது ஒலி கேட்கும்வரை, ஏறக்குறைய ஏழு செக்கன், பிடித்திருந்தாற் பாதுகாப்பு நிலை திறக்கும். தெளிவுத்திறனை மாற்றும் வரி அங்கே உண்டு.

கணினி விளையாட்டு ஒன்றைத் திறக்கும்போது மாத்திரம் திரை இருளுமாயின், அவ்விளையாட்டு தனக்கென வேறோர் அளவைக் குறித்து வைத்திருக்கின்றது என்க. ஓல்ட்டுடன் எஃப் 4ஐ அழுத்தி அதனை மூடிவிட்டு, அதற்குரிய அமைப்புக் கோப்பைத் திருத்தவேண்டும். கணினியில் வேறொன்றையும் தொடவேண்டியதில்லை.

திரை மீண்டதும் வடத்தைக் கழற்றி ஊசிகளை வெளிச்சத்திலே பார்க்கவேண்டும். வி.ஜி.ஏ. வடங்களில் 9ஆவது ஊசி இயல்பாகவே இல்லாதிருப்பதுண்டு. அதனைக் கண்டு அஞ்சவேண்டாம். 12ஆவதும் 15ஆவதும் நேராக இருக்கின்றனவா என்பதே கேள்வி. ஊசிகள் இருந்தும் அமைப்புப் பக்கத்தில் திரையின் பெயருக்குப் பதிலாகப் பொதுப் பெயரொன்றே தோன்றுமாயின் வடத்தை மாற்றிப் பார்க்கலாம். திரையின் இயல்பான அளவை அதன் முதுகிலே ஒரு தாளில் எழுதி ஒட்டி வைப்பதும் உபகாரமாகும்.

இவ்வளவும் செய்ய வசதியில்லாமல் கணினியைத் திருத்தும் இடத்திற்கே கொண்டு செல்ல நேர்ந்தால், அதனைக் கொடுக்கும்போதே இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். தெளிவுத்திறனை மாற்றிய பின்னரே, அல்லது திரையை மாற்றிய பின்னரே இது நேர்ந்தது என்பது ஒன்று. எம்மைக் கேளாமல் வட்டைத் துடைக்கவேண்டாம் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரு துண்டில் எழுதிக் கணினியின் மேலே ஒட்டிக் கொடுத்தால் இன்னும் நன்று. வாங்குபவர் ஒருவராகவும் திருத்துபவர் வேறொருவராகவும் இருப்பதே அங்கெல்லாம் வழக்கம்.